சோதனைப் பாட்டு

மனித குலம் தோன்றிய நாள் முதல் இன்று வரை பாட்டைக் கேட்டு அழுத அனைவரும் ஸ்பீக்கரைப் பிரித்துப் பார்க்காதவர்களே. பிரித்துப் பார்த்தவன் எவனும் அழுததாக வரலாறு கிடையாது. இந்த மகத்தான உண்மையைக் கண்டுபிடித்தவன் சவுண்டு. கண்டுபிடித்து ஆறு வருடம் ஆகிறது. உலகம் இன்னும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஸ்பீக்கர் பழுது பார்க்கும் தொழிலுக்காக வந்த பட்டப்பெயர் அது என்பது அவன் கட்சி. வாய்க்காக வந்தது என்பது தெருவின் கட்சி.

தொழிலில் அவனைக் குறை சொல்ல முடியாது. கிழிந்த காகிதக் கோனைப் பிய்த்தெடுத்து, விளிம்பில் கெட்டிப்பட்டிருக்கும் பழைய பசையைக் கத்தி முனையால் சுரண்டுவான். புதுக் கோனைக் கம்பிச் சுருளோடு சேர்த்து, நடுவில் மயிரிழை பிசகாமல் உட்காரவைத்து, சுற்றிலும் தூரிகையால் பசை தடவிக் கவிழ்த்துவைப்பான். ஒரு பக்கம் சாய்ந்தால் போச்சு, சுருள் காந்தத்தில் உரசி, பாடுகிறவருக்குத் தொண்டையில் முள் மாட்டிக்கொண்ட மாதிரி கேட்கும். வெயில் நாளில் அரை நாளில் காய்ந்துவிடும். இப்போது பத்து நாளாகத் தூறல். அலமாரி முழுக்கக் கவிழ்ந்த கோன்கள், காயலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தன.

ஸ்பீக்கரை வாங்கிக்கொள்ள வருகிறவர்களுக்குத் தத்துவம் இலவசம்.

"இதுலதாங்க எங்கம்மா பாட்டுக் கேட்டு அழும்" என்று ஒருவர் வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

"உக்காருங்க" என்றான் சவுண்டு. "இது என்ன?"

"காகிதம்."

"இது?"

"கம்பி."

"இது இரும்பு. இதுல எதுக்காக அழுதாங்க? காகிதத்துக்கா, கம்பிக்கா?"

"பாட்டுக்குங்க."

"பாட்டுன்னா இந்தக் காகிதம் ஆடறது. வீட்டுல காலண்டர் காத்துல ஆடுதே, அதைப் பார்த்து அழறாங்களா?"

அவர் தலையாட்டி ஒப்புக்கொண்டார். ஸ்பீக்கர் இன்னும் சவுண்டு கையில் இருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

ஒட்டிக் காய்ந்த எந்த ஸ்பீக்கரையும் அவன் ஒரே பாட்டைப் போட்டுத்தான் சோதிப்பான். பழைய படத்துப் பாட்டு. ஒருவன் சைக்கிள் மிதிக்கிறான். பின்னால் உட்கார்ந்திருப்பவள் மெதுவாகப் போகச் சொல்கிறாள். அவன் வேகமாகப் போகிறான். அதற்கு மேல் அதில் கதை இல்லை. ஆனால் அடியில் தபேலா, உச்சியில் சைக்கிள் மணி, நடுவில் பெண் குரல் என்று மூன்றும் முதல் நிமிடத்திலேயே வந்துவிடும். பதினோரு வருடமாக, ஒரு நாளைக்குப் பத்துத் தடவைக்குக் குறையாமல் போடுகிறான். அடுத்த வார்த்தை என்ன என்று கேட்டால் தெரியாது. எந்த வினாடியில் எந்தக் கோன் கரகரக்கும் என்று கேட்டால் தூக்கத்தில் சொல்லுவான்.

இந்தப் பாட்டுக்குத்தான் அவனுடைய அக்கா புருஷன் அழ ஆரம்பித்தார்.

அவர் கண்ணாடிக்காரர். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி வெட்டிக் கொடுப்பவர். பழைய கடை இருந்த கட்டடத்தை இடித்துவிட்டதால், மூன்று மாதத்துக்கு முன் சவுண்டின் கடைக்கு அடுத்த கடைக்கு வந்தார். பின்கட்டில் வீடு. நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரில்தான் கண்ணாடிகளைச் சாய்த்து வைத்திருந்தார். இந்தப் பக்கம் பாட்டுப் போட்டால் அந்தப் பக்கம் அத்தனை கண்ணாடியும் மெல்ல முனகும்.

கண்ணாடி வெட்டுவது ஒரே இழுப்பு வேலை. மேஜையில் கம்பளி விரித்து, கண்ணாடியைப் போட்டு, கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு கீறல். மறுபடி அதே கோட்டில் இழுத்தால் துண்டு துண்டாகப் போகும். அந்த இழுப்பின் நடுவில் ஒரு நாள் கண் நிறைந்து, கோடு வளைந்து, ஒரு குளியலறைக் கண்ணாடி பாழானது. அடுத்த வாரம் இரண்டு.

முதலில் சவுண்டின் பசை நாற்றத்தைச் சந்தேகித்தார்கள். பசை டப்பாவைத் தெருக்கோடிக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார்கள். அழுகை நிற்கவில்லை. கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். டார்ச் அடித்துப் பார்த்த டாக்டர், "கண்ணீர்ப் பை பிரமாதமா வேலை செய்யுது. எல்லாருக்கும் இப்படி அமையாது" என்று பாராட்டி அனுப்பினார்.

கண்டுபிடித்தது குட்டி. கண்ணாடிக்காரரின் மகள், எட்டு வயது. பள்ளி விடுமுறை.

பின்கட்டு வீட்டில் மத்தியானச் சாப்பாட்டின்போது உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே, "மாமா பாட்டுப் போட்டா அப்பா அழறாரு. காலையிலேர்ந்து நாலு வாட்டி" என்றது.

சவுண்டின் கையில் முட்டை நின்றது. "எந்தப் பாட்டு? என் சோதனைப் பாட்டா? சைக்கிள் பாட்டா?"

"ஆமா."

"அது சந்தோஷப் பாட்டுடி!"

"அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?" என்றது குட்டி.

சவுண்டு விழுந்து விழுந்து சிரித்தான். "மாமா, ஒரு சோகப் பாட்டுக்கு அழுதாக்கூட மனுஷன்னு விட்டுடலாம். சைக்கிள் ஓட்டறதுக்கு அழறீங்களே! டயர் பஞ்சராச்சா?"

கண்ணாடிக்காரரும் சிரித்தார். அவருக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது. "எனக்கே தெரியல மாப்ள. வேலையில இருக்கேன், பாட்டுக் கேக்குது, பார்த்தா தண்ணி வழியுது. மனசுல ஒண்ணும் இல்ல. வெறும் தண்ணி."

சிரிக்காமல் இருந்தது அக்கா மட்டும். தெரு முழுவதற்கும் அவள் அக்காதான். கூடப் பிறந்த உரிமை சவுண்டுக்கு. சோற்றுச் சட்டியை மூடிவிட்டு, "வெறும் தண்ணியா" என்றாள்.

இரண்டு நாள் கழித்து, இஸ்திரி போட்டுக்கொண்டே, சட்டைக் காலரிடம் சொல்வதுபோலச் சொன்னாள்: "வயித்துல கட்டின்னு என்னை உள்ள தள்ளிட்டுப் போனாங்களே, ரெண்டு வருஷம் முன்னால. திரும்பி வருவேனான்னு டாக்டரே சொல்லல. கதவு சாத்தற வரைக்கும் இவரைப் பார்த்துக்கிட்டே போனேன். ஒரு சொட்டு? கல்லு மாதிரி நின்னாரு. சரி, அழத் தெரியாத மனுஷன், நம்ம தலைவிதின்னு இருந்தேன். இப்ப பார்த்தா நல்லா அழத் தெரியுது."

"அக்கா, அது..."

"நீ பேசாத. ஏன் அழறாருன்னு எனக்குத் தெரியணும். காரணம் சொல்லட்டும். இல்லன்னா குட்டியைக் கூட்டிக்கிட்டு நான் பெரியக்கா வீட்டுக்குப் போறேன். எனக்கு அழாத மனுஷன்கூட இருந்துட முடியும். எனக்கு மட்டும் அழாத மனுஷன்கூட இருக்க முடியாது."

பாட்டு சவுண்டினுடையது. ஆனால் அறிவுள்ளவன் கலங்கக் கூடாது என்பதால், அறிவைப் பயன்படுத்த முடிவு செய்தான்.

அடுத்த நாள் காலை கண்ணாடிக்காரரைத் தன் கடையில் முக்காலி போட்டு உட்காரவைத்தான். எதிரே மூன்று ஸ்பீக்கர்கள். சின்னதில் மணி மட்டும் கேட்கும், பெரியதில் தபேலா மட்டும், நடுவாந்தரத்தில் குரல் மட்டும். அக்கா வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். குட்டி பசை டப்பா மேல் உட்கார்ந்துகொண்டது.

"மாமா, இப்ப மணி மட்டும். ஏதாவது தோணுதா?"

"சைக்கிள் மணி மாதிரி இருக்கு."

"அழுகை?"

"வரல."

"இப்ப தபேலா."

"யாரோ கதவைத் தட்டற மாதிரி இருக்கு."

குட்டி எழுந்து போய்க் கதவைப் பார்த்துவிட்டு வந்தது.

"இப்ப குரல். வந்தா உடனே கையைத் தூக்கணும்."

குரல் மட்டும் பாடியது. தாளமும் மணியும் இல்லாமல், நடுத்தெருவில் தனியாக நிற்கிறவள் மாதிரி இருந்தது அந்தப் பெண்ணின் குரல். 'மெதுவா போ, இன்னும் மெதுவா போ...' கண்ணாடிக்காரர் கையைத் தூக்கினார். கண் நிறைந்திருந்தது. சவுண்டு திருப்பிப் போட்டான். அதே இடத்தில் கை எழுந்தது. மறுபடி. மறுபடி. வகுப்பில் விடை தெரிந்த ஒரே மாணவன்போல அவர் கையைத் தூக்கிக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தார்.

சவுண்டு காதை ஸ்பீக்கரோடு ஒட்டிவைத்துக் கேட்டான். துள்ளி எழுந்தான்.

"புடிச்சிட்டேன்! முப்பத்தேழாவது செகண்டு! 'இன்னும்'னு சொல்லிட்டு அவ லேசா சிரிக்கிறா. சைக்கிள் ஆடிச்சு போல. அரை செகண்டுதான். மாமா வார்த்தைக்கு அழல. ராகத்துக்கு அழல. ஒரு பொம்பளையோட சிரிப்புக்கு அழறாரு! சயின்ஸ் அக்கா இது, சயின்ஸ்!"

பாராட்டை எதிர்பார்த்துச் சுற்றிலும் பார்த்தான்.

"எந்தப் பொம்பள?" என்றாள் அக்கா.

சவுண்டின் வாய், அது படைக்கப்பட்ட நாளிலிருந்து முதல் முறையாக, திறந்தபடியே சத்தமில்லாமல் இருந்தது.

"பா... பாடறவங்கதான்க்கா."

"பாடறவளை இவருக்குத் தெரியுமா? யாரோ சிரிச்ச மாதிரி இருக்கு. அதான?" அவள் புருஷனைப் பார்த்தாள்.

கண்ணாடிக்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "இருக்கலாம்" என்றார்.

"மாமா!" என்றான் சவுண்டு.

"யாரு?"

"அதான் தெரியல. எங்க சித்தி இப்படிச் சிரிக்காது. அது கொக்கரிக்கும். பழைய கடைக்கு எதிர்ல டைப்படிக்கிற பொண்ணு ஒண்ணு இருந்துச்சு..."

"மாமா, போதும்!"

"...அதுவும் இல்ல. அது சிரிச்சே நான் பார்த்ததில்ல" என்று நேர்மையாக முடித்தார்.

அக்கா படியிறங்கிப் போனாள். கொஞ்ச நேரத்தில் பின்கட்டில் பரண் மேலிருந்து பெட்டி இறங்கும் சத்தம் கேட்டது.

"அக்கா சிரிப்பு மாதிரி இருக்குன்னு சொல்லிடுங்க" என்றான் சவுண்டு. "கல்யாணமான புதுசுல சிரிச்சது ஞாபகம் வருதுன்னு ஒரு வரி. முடிஞ்சுது. பெட்டி பரண் மேல ஏறிடும்."

"இல்லையே மாப்ள. உங்கக்கா சிரிப்பு எனக்குத் தெரியாதா? அது மூக்கால ஒரு தடவை 'ஹ்ம்'னு வரும். இது அது இல்ல."

"இல்லன்னா என்ன? சொல்றதுதான!"

"அவகிட்ட எப்படிப் பொய் சொல்றது? கண்ணாடி தூக்கறவ. ஒரு முனையை அவ புடிச்சிருக்கா, ஒரு முனையை நான் புடிச்சிருக்கேன். பொய் சொன்னா எங்கயாவது கை நடுங்கும்."

இதற்கு என்ன அர்த்தம் என்று சவுண்டுக்குப் புரியவில்லை. அன்றிலிருந்து சோதனைப் பாட்டை நிறுத்தினான். ரேடியோ செய்தியை வைத்து ஸ்பீக்கர்களைச் சோதித்தான். எல்லாவற்றிலும் செய்தி வாசிப்பவருக்குச் சளி பிடித்த மாதிரியே இருந்தது. கோனைக் குறை சொல்வதா, செய்தியைக் குறை சொல்வதா என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை போவதாக அக்கா சொல்லியிருந்தாள். வியாழக்கிழமை காலைதான் பேக்கரியின் முகப்புக் கண்ணாடியைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஏழடி நீளம், ஐந்தடி உயரம். தெருக்கோடிவரை கையில் தூக்கித்தான் போக வேண்டும். பன்னிரண்டு வருடமாகப் பெரிய கண்ணாடிக்கு மறுமுனை அவள்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அடிவிளிம்பைத் தாங்குவார்கள். அவர் முன்முனையில், பின்னோக்கி நடப்பார். அவள் பின்முனையில், வழி சொல்லிக்கொண்டே வருவாள். பின்னோக்கி நடக்கிறவருக்குப் பாதை தெரியாது. அவள் வாய்தான் பாதை.

"கண்ணாடியைச் சேர்த்துட்டுப் போறேன்" என்றாள் அக்கா, பெட்டியை வாசலில் வைத்துவிட்டு. "நான் வேற யாரையும் நம்பி உங்க முதுகை விட மாட்டேன். அதுக்காகத்தான். வேற ஒண்ணும் நினைச்சுக்காதீங்க."

"நான் ஒண்ணும் நினைக்கல."

"அதான் தெரியுமே."

தூறல் விட்டிருந்தது. தெருவில் பள்ளங்களெல்லாம் நிரம்பி, எது பள்ளம் எது தரை என்று தெரியாமல் ஒரே மட்டமாக மின்னின. "மெதுவா. இடது பக்கம் வாங்க. பள்ளம். தாண்டுங்க. இன்னொண்ணு." பத்தடி நகர்ந்திருப்பார்கள்.

சவுண்டின் கடையில் அப்போது பள்ளி வேன் ஓட்டுகிறவர் நின்றிருந்தார். "செய்தியெல்லாம் வேணாம். பாட்டுப் போட்டுக் காட்டுங்க. பிள்ளைங்க பாட்டுதான் கேக்கும்" என்றார். சவுண்டு எந்தப் பாட்டு என்று யோசிக்க ஆரம்பித்தான். மூளை யோசித்துக்கொண்டிருக்கும்போதே விரல் போய் அழுத்திவிட்டது. பதினோரு வருடப் பழக்கம். சைக்கிள் மணி அடித்தது.

தெருவைப் பார்த்தான். கண்ணாடி அவன் வாசலுக்கு நேராக நின்றிருந்தது.

"ஐயோ!" என்று நிறுத்தப் பாய்ந்தவனை, தலையைத் திருப்பாமலே அக்கா அதட்டினாள். "டேய், அப்படியே நில்லு! எதையும் திடுக்குனு பண்ணாத. அவரு திரும்புவாரு. ஓடட்டும்."

பாட்டு ஓடியது. முப்பத்தேழாவது வினாடி வந்தது. கண்ணாடிக்காரருக்கு வழக்கம்போல வழிந்தது. வழக்கமாகப் புறங்கையால் துடைத்துக்கொள்வார். இப்போது இரண்டு கையிலும் கண்ணாடி. திரும்பிக்கொள்ளவும் முடியாது. கன்னத்திலிருந்து தாடைக்கு, தாடையிலிருந்து சட்டைக்கு இறங்கியது.

அக்காவாலும் திரும்பிக்கொள்ள முடியவில்லை. இத்தனை நாளும் அவர் அழும்போது எழுந்து உள்ளே போனவள், சோதனையன்றும் வாசற்படியில் தள்ளியே நின்றவள். இப்போது நடுவில் ஒரு கண்ணாடி மட்டும். அதுவும் காலையில் அவளே துடைத்த கண்ணாடி. நன்றாகத் தெரிந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியல" என்றார் அவர். "எல்லாம் கலங்கலா இருக்கு."

"பின்னால நடக்கறவருக்குக் கண்ணு எதுக்கு? நான் சொல்றேன், வாங்க. அழணும்னா அழுங்க. கையை மட்டும் விடாதீங்க." அவள் குரல் கடுமையாகத்தான் இருந்தது. "மெதுவா. வலது காலைத் தூக்குங்க. இன்னும் மெதுவா. நாய் படுத்திருக்கு, சுத்திப் போங்க."

தெரு பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவர் அழுதுகொண்டே பின்னால் போவதும், ஒருத்தி திட்டிக்கொண்டே முன்னால் போவதும், நடுவில் கண்ணாடியில் வானம் நகர்வதும் எதற்கு என்று யாருக்கும் விளங்கவில்லை. சவுண்டு கடையில் எதையும் நிறுத்தாமல், எதையும் தொடாமல் நின்றான். பாட்டு கடைசிவரை ஓடியது. "ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு" என்று வேன்காரர் வாங்கிக்கொண்டு போனார்.

பேக்கரியில் கண்ணாடியைச் சட்டத்துக்குள் இறக்கி, நழுவாமல் சுற்றிலும் மரக்கட்டை அடித்து முடித்தார்கள். பேக்கரிக்காரர் ஆளுக்கொரு பன்னும் டீயும் கொடுத்தார். படியில் உட்கார்ந்துகொண்டு அக்கா டீயைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"அன்னிக்கு ஏன் அழல?"

எந்த அன்றைக்கு என்று அவர் கேட்கவில்லை.

"பயமா இருந்துச்சு" என்றார்.

"பயந்தா அழ வராதா?"

"எனக்கு வரல. மரக்கட்டை மாதிரி ஆயிடுச்சு உடம்பு. நீ வந்த பிறகு அழலாம்னு இருந்தேன். வந்துட்ட. அப்புறம் எதுக்கு அழறது?"

"இந்தப் பாட்டுக்கு எதுக்கு அழறீங்க?"

"சத்தியமா தெரியல."

அவள் மூக்கால் ஒரு தடவை மூச்சு விட்டாள். அது சிரிப்பா, ஜலதோஷமா என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருக்கே தெரியவில்லை. "பன்னைச் சாப்பிடுங்க" என்றாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் சவுண்டின் கடைக்குள் நுழைந்தாள். "அதைப் போடு. முழுசா." ஸ்பீக்கருக்கு நேராக முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, திருடனை விசாரிக்கிற மாதிரி பாட்டை விசாரித்தாள். முடிந்ததும் எழுந்தாள். "ஒண்ணும் இல்லையே இதுல."

"அதைத்தான்க்கா நான் ஆறு வருஷமா சொல்றேன்!"

"உன்னை யாரு கேட்டா?"

பெட்டி வாசலில்தான் இருந்தது. அதைத் திறந்து சீப்பை மட்டும் எடுத்து, குட்டிக்குத் தலை வாரினாள். பெட்டியை மூடி மறுபடி அதே இடத்தில் வைத்தாள். இது போகிறதற்கு அறிகுறியா, இருக்கிறதற்கு அறிகுறியா என்று சவுண்டு குட்டியைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தான். "அம்மா மத்தியானத்துக்கு எத்தனை உருளைக்கிழங்கு உரிக்கச் சொன்னா?"

"எட்டு."

நாலு பேருக்கு எட்டு. வழக்கமான எண்ணிக்கைதான். சவுண்டுக்கு மூச்சு வந்தது.

வெள்ளியும் போயிற்று, சனியும் போயிற்று. பெட்டி வாசலிலேயே இருந்தது. குட்டி அதன் மேல் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொள்ளப் பழகிவிட்டது. சவுண்டு புதுச் சோதனைப் பாட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டான். தகர டப்பாக்கள் மாடிப்படியில் உருளும் சத்தத்துக்கு நடுவே ஒருவன் கத்துவான். இதற்கு அழ வேண்டுமென்றால் காதில் சீழ் பிடித்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. அவன் ஒரு பெரிய கோனை மடியில் வைத்து விளிம்பில் பசை தடவிக்கொண்டிருந்தான். பாட்டு எதுவும் ஓடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள். ஈரத் துணி கண்ணாடியில் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. அதற்கு நடுவில் அவள் தன்னையறியாமல் முனக ஆரம்பித்தாள். 'மெதுவா போ, இன்னும் மெதுவா போ...' அவளுக்குப் பாட வராது. சுருதி இல்லை. தாளத்தைத் துணிதான் போட்டது. 'இன்னும்' என்று சொன்னதும் ஒரு நிமிடம் நிறுத்தினாள். துணியைப் பிழிந்தாள். மறுபடி தொடர்ந்தாள். அந்தப் பக்கம் கட்டர் இழுக்கிற சத்தம், ஒரே இழுப்பாக, கோடிவரை கேட்டது.

சவுண்டின் தூரிகை நின்றது.

கோனின் நடுவில் ஒரு சொட்டு விழுந்தது. காகிதம் அதைக் குடித்து, அந்த இடத்தில் மட்டும் மெல்ல உப்பியது. அந்தக் கோன் இனி உதவாது. அவன் வாசலைப் பார்த்தான். யாரும் இல்லை. கெட்டுப்போன கோனை எடுத்து மேஜைக்கு அடியில் தள்ளினான். அலமாரியிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்தான். அதை மடியில் வைத்துக்கொள்ளவில்லை. கையை நீட்டி, முகத்திலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டான்.